'கம் டிரிங்க் வித் மீ' படத்தின் நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

குழுவினருக்கு வணக்கம். கிங் ஹூ இயக்கத்தில் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் 1966இல் வெளியிட்ட 'கம் டிரிங்க் வித் மீ' என்ற வாள்சண்டைப் படத்தை மூல மாண்டரின் (சீன மொழி) ஒலியோடு பார்க்க விரும்புகிறேன். என்னிடம் உள்ள பழைய டிவிடியில் ஆங்கில டப்பிங் மட்டுமே இருக்கிறது; போதாக்குறைக்கு, அகலத்திரைக்காக எடுக்கப்பட்ட காட்சிகளின் இரு ஓரங்களும் வெட்டப்பட்டிருக்கின்றன.

கொள்ளையர் பிடித்துவைத்திருக்கும் அண்ணனை மீட்க ஆண் வேடத்தில் வரும் நாயகி செங் பெய்-பெய், விடுதியில் தம்மைச் சூழும் அடியாட்களை இருக்கையில் அமர்ந்தபடியே எதிர்கொள்ளும் காட்சிக்கு அந்த முழு அகலமும் அவசியம். பாலே பயின்ற அவருடைய அசைவுகளையும், பீக்கிங் ஓபெரா என்னும் சீன மரபு இசை நாடகத்தின் தாளத்தை ஒட்டிய சண்டை அமைப்பையும் ஓரம் வெட்டிய சட்டகத்தில் ரசிக்க முடியவில்லை. (அவரை 'குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தின் வில்லியாக மட்டும் அறிந்தவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.)

மாண்டரின் ஒலி, முழுச் சட்டகம், பிழையற்ற ஆங்கிலத் துணைத்தலைப்புகள் ஆகிய மூன்றும் உள்ள புளூ-ரே எதையேனும் நீங்கள் வைத்திருந்தால், அதன் பதிப்பகத்தையும், இந்தியாவில் விற்கும் சாதனங்களில் அது ஓடுமா என்பதையும் தெரிவியுங்கள். திருட்டுப் பிரதிகளின் இணைப்புகள் வேண்டாம்.