கை வெடிப்புக்குச் சீன வைத்தியம் பார்த்தவர்கள் உண்டா? என் அனுபவம் இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

ஷென்யாங்கில் படித்தவள்:

எம்பிபிஎஸ் படிக்க வடகிழக்குச் சீனாவில் ஷென்யாங் போன முதல் குளிர்காலத்திலேயே என் கைகள் வெடித்துவிட்டன. நமக்குப் பித்தவெடிப்பு தெரியும், அது குதிகாலில் வரும், பாட்டி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவார், அவ்வளவுதான். விரல் மடிப்பிலும் கட்டைவிரல் நுனியிலும் நகத்தை ஒட்டியும் பிளேடால் கீறின மாதிரி வெடிக்கும் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. சட்டைப் பொத்தான் போடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வெளியே மைனஸ் 20 டிகிரி. உள்ளே நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஊர் முழுக்கக் குழாய் வழியாக வெந்நீர் ஓடும் ஹீட்டிங். அறைக்குள் ஈரம் என்பதே இருக்காது, துவைத்துப் போட்ட ஜீன்ஸ் ஒரே ராத்திரியில் மொடமொடவென்று காய்ந்துவிடும். தோலும் அப்படித்தான் காய்ந்தது.

எங்கள் விடுதியைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் 'ஆயி' என்று கூப்பிடுவோம். சீனத்தில் அது சித்தி, அத்தை என்பது மாதிரி, ஆனால் என் காதில் நம் ஊர் ஆயியாகத்தான் விழும். அவர் ஒருநாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு கிளிஞ்சலை எடுத்தார். நிஜக் கிளிஞ்சல், இரண்டு ஓடும் மூடியபடி இருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தால் உள்ளே வழவழவென்று களிம்பு. 'கெலி யோ' என்பார்கள், கிளிஞ்சல் எண்ணெய். டப்பாவுக்குப் பதில் ஓட்டிலேயே அடைத்து விற்பது, உள்ளே இருப்பது பெரும்பாலும் வாஸலின்தான். வடசீனாவில் ஒரு தலைமுறையே குளிர்காலத்தை இதை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறது. ஆயி ஒரு பொட்டு எடுத்து வெடிப்புக்குள் வைத்து, தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் என் கையை வைத்து, களிம்பு உருகும் வரை தேய்த்துவிட்டார். வீட்டை விட்டு வந்து மூன்று மாதத்தில் என் கையை ஒருவர் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவரே வற்புறுத்தி மருத்துவமனையின் சீன வைத்தியப் பிரிவுக்கு அனுப்பினார். வயதான டாக்டரம்மா. இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அதன்பின் கேள்வி கேட்க ஆரம்பித்தார். தூக்கம் எப்படி, தாகம் எடுக்கிறதா, மலம் இறுகுகிறதா, மாதவிடாயில் இரத்தம் குறைந்திருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாய். கடைசிக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து தடவை கழுவுவேன், அதுவும் குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க.

அவர் கணக்குப்படி இரத்தம் குறைந்து, வறட்சியும் காற்றும் தோலில் ஏறியிருக்கிறது. நாம் பித்தம் என்கிறோம், அவர்கள் இரத்தம் வறண்டது என்கிறார்கள். கொடுத்தது மூன்று. பைஜி என்ற ஆர்க்கிட் கிழங்கின் தூளை வாஸலினில் குழைத்த களிம்பு (அந்தக் கிழங்கு நனைந்தால் பசை மாதிரி ஒட்டும்), தாங்குவெய் வேர் சேர்த்த கஷாயம், கூடவே ஒரு கட்டளை: வெந்நீர் கூடாது, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஈரம் காயும் முன்பே களிம்பு தடவிப் பருத்திக் கையுறை போட்டுத் தூங்கு. மூன்று வாரத்தில் வெடிப்பு மூடிவிட்டது. கஷாயத்தால்தான் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டேன். கழுவும் முறையை மாற்றியதும் கையுறையும் களிம்பும்தான் பெரும் வேலை செய்தன என்று இன்று ஒரு மருத்துவராக நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்டது அவர்தான், அதை மறக்க முடியாது.

ஈசூன் அக்கா:

சிங்கப்பூரில் ஏது குளிர் என்று கேட்காதீர்கள், எங்கள் அம்மாவுக்கு 60 தாண்டியதும் குதிகால் பாளம் பாளமாக வெடித்தது. பகலெல்லாம் வெறுங்கால், ராத்திரியெல்லாம் ஏர்கான். கீழே இருக்கிற சீன மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறை இருக்குமே, அந்த மாதிரி பழைய கடை. உள்ளே பதிவு பெற்ற வைத்தியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாடியைத் தொடும் முன்பே அவர் கேட்டது, பாட்டி என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அம்மா இதயத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறார், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. அதைக் கேட்டதும் எழுதப்போன பேனாவை வைத்துவிட்டார். தாங்குவெய் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தம் கசியும் ஆபத்து கூடும், உள்ளுக்கு எதுவும் தரமாட்டேன், முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். பார்த்தால் சர்க்கரை ஏறித்தான் இருந்தது!

சாப்பிட மட்டும் ஒன்று சொன்னார். வெந்தால் ஜெல்லி மாதிரி ஆகிற வெள்ளைப் பனிக்காளானைப் பேரிக்காயோடு நன்றாக வேகவைத்துக் குடிப்பது. நுரையீரல்தான் தோலை ஆள்கிறது, அதைக் குளிர வைத்தால் தோல் நனையும் என்பது அவர்கள் பழைய கணக்கு. சர்க்கரைக்காகக் கற்கண்டை விட்டுவிட்டோம். ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி வழுவழுப்பாக இருக்கும், அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. வெடிப்பு ஆறியது சர்க்கரை கட்டுக்குள் வந்து, தினமும் க்ரீம் போட்ட பிறகுதான். இருந்தாலும் குதிகாலில் ஆழமான ஒரு வெடிப்பு இன்னும் முழுதாக மூடவில்லை, ஷென்யாங் தங்கச்சி, அதற்கு என்ன செய்யலாம்?

கவாசாகி:

நான் இருப்பது ஜப்பானில், ஆனால் விஷயம் சீனாவிலிருந்து வந்ததுதான். கைவெடிப்புக்கு இங்கே ஒரு தோல் டாக்டர் 'ஷிஉன்கோ' என்று ஒரு களிம்பு எழுதினார், இன்சூரன்ஸிலேயே கிடைக்கிறது. திறந்தால் கத்தரிப்பூ நிறம், முகர்ந்தால் நல்லெண்ணெய்! தீபாவளி எண்ணெய்க் குளியல் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் மூடியை மூடவே மனசு வரவில்லை. நல்லெண்ணெயில் தாங்குவெய்யின் ஜப்பானிய வகை வேரையும் ஊதா நிறம் தரும் இன்னொரு வேரையும் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்து இறுக்குகிறார்கள். 1617-இல் சீனாவில் சென் ஷிகோங் என்பவர் எழுதிய பழைய மருத்துவ நூலில் இருந்த களிம்பை எடுத்து மாற்றியவர் ஹனஓகா செய்ஷூ. 1804-இலேயே மூலிகை மயக்க மருந்து கொடுத்து மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தாரே, அதே மனிதர். அவ்வளவு பெரிய ஆள் விரல் வெடிப்புக்கும் மெனக்கெட்டிருக்கிறார் என்பது எனக்கு அவர் மேல் தனி மரியாதையைத் தந்தது.

இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, தலையணை உறையில் பட்டால் கறை போகவே போகாது. எனக்கு விரல் வெடிப்பு நான்கு நாளில் மூடிவிட்டது.

ஈஸ்ட் ஹாம்:

எல்லோரும் நல்லதாகச் சொல்வதால் என் கசப்பையும் எழுதுகிறேன். லண்டனில் ஒரு மூலிகைக் கடையில் வெள்ளை டப்பாவில் க்ரீம் வாங்கினேன். லேபிள் கிடையாது, முழுக்க இயற்கை என்றார்கள். வருடக்கணக்காக வெடித்துக் கிடந்த என் கை மூன்றே நாளில் குழந்தைக் கை மாதிரி ஆனது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான்கு மாதம் போட்டேன், முகத்திலும் கூடப் போட்டேன். தோல் மெலிந்து உள்ளே நரம்பு தெரிய ஆரம்பித்தது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவந்து எரிந்தது. க்ரீமைப் பார்த்ததுமே தோல் டாக்டர், இதில் ஸ்டீராய்டு இருக்கும் என்றார். 1999-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வந்திருக்கிறது. தோல் நோயாளிகள் போட்டுக்கொண்டிருந்த 11 சீன மூலிகை க்ரீம்களைச் சோதித்ததில் 8-இல் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாம். அது மூலிகையின் குற்றம் இல்லை, ஏமாற்றிக் கலப்பவனின் குற்றம். ஆனால் அனுபவித்தது என் முகம். தயவுசெய்து லேபிள் இல்லாத எதையும் குழந்தைகளுக்குத் தடவாதீர்கள்.

ஷென்யாங்கில் படித்தவள்:

ஈஸ்ட் ஹாம், படிக்கவே வலிக்கிறது, இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. என் கிளினிக்கிலும் இப்படி ஒரு டப்பாவோடு மாதம் ஒருவராவது வருகிறார், அதில் எழுதியிருப்பது நம் ஊர் மூலிகைப் பெயராக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஈசூன் அக்கா, சர்க்கரை இருக்கிற அம்மாவுக்கு மூடாத வெடிப்பு என்றால் அதைப் புண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஊறவைப்பதும் கல்லால் தேய்ப்பதும் வேண்டாம், இந்த வாரமே பாத மருத்துவரிடம் காட்டுங்கள். வெடிப்பில்லாத இடத்தில் யூரியா க்ரீம், ராத்திரி பருத்தி சாக்ஸ், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. உங்கள் மருந்துக்கடை வைத்தியரிடமும் அந்தக் காலை ஒரு தடவை காட்டுங்கள், மாத்திரையை முதலில் கேட்டவர், அவர் கண்ணுக்கு ஏதாவது படலாம்.