நோஷனில் தோட்டக் குறிப்பு: ஒரே பிளாக் இரண்டாகத் தெரிகிறது, தமிழ் மாதமும் வரிசைப்படவில்லை

கேள்வி (ஏற்காடு)
வணக்கம். ஏற்காட்டில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம், சில்வர் ஓக்கில் மிளகும் ஏற்றியிருக்கிறோம். அப்பா பல வருடமாக நோட்டில் எழுதி வைத்த குறிப்புகளை நோஷனில் (குறிப்பும் டேபிளும் வைத்துக்கொள்ளும் ஆப்) ஏற்றி வருகிறேன். அறுநூறு பதிவைத் தாண்டிவிட்டது.

தோட்டத்தை மூன்று பகுதியாக, கோயில் பிளாக், ஓடை பிளாக், மேட்டு பிளாக் என்று சொல்வோம். முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேபிள் போட்டேன். இப்போது எல்லாவற்றையும் புது டேபிள் ஒன்றில் சேர்த்து வருகிறேன். அதில் ‘கோயில் பிளாக்’ என்று ஃபில்டர் போட்டால் பாதிதான் வருகிறது. மீதியைத் திறந்து பார்த்தால் எழுத்து அச்சாக அதேதான். மாதத்தை வரிசைப்படுத்தினால் ஆடி முதலில், சித்திரை நடுவில், வைகாசி கடைசியில். பறித்த பழத்தின் கூட்டுத்தொகையும் வரவில்லை.

‘பங்குனி 12, பூ மழை, அரை மணி நேரம்.’ காப்பியைப் பூக்க வைக்கும் மழையைப் பற்றி அப்பா எழுத்தில் இப்படி வருடத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அவற்றை அந்தந்த வருட மகசூலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பதில் (செவ்வாய்ப்பேட்டை)
தம்பி, பிளாக் பெயரை டெக்ஸ்டாக டைப் செய்திருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். தமிழில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாகப் பதிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. போனில் ஒரு கீபோர்டு, லேப்டாப்பில் வேறொன்று என்றால் இது நடக்கும். வார்த்தைக்குப் பின்னால் ஒட்டிய இடைவெளியும் இதே வேலையைச் செய்யும்.

அந்த ப்ராப்பர்ட்டியை (டேபிளில் உள்ள அந்தப் பத்தியை) டெக்ஸ்டிலிருந்து செலக்டாக, அதாவது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகையாக மாற்றுங்கள். இருக்கிற பெயர்களெல்லாம் தேர்வுகளாகிவிடும். பிறகு பிளாக் வாரியாக குரூப் செய்தால் இரண்டு ‘கோயில் பிளாக்’ தனித்தனியாக நிற்பது தெரியும். தவறான குழுவில் உள்ள வரிகளைச் சரியானதற்குள் இழுத்துப் போட்டுவிட்டு, காலியான தேர்வை அழித்துவிடுங்கள். இனி பெயரை டைப் செய்யவே கூடாது, பட்டியலிலிருந்து தொட்டு எடுக்க வேண்டும்.

மாதத்துக்கும் செலக்ட்தான். செலக்டை வரிசைப்படுத்தினால் அகர வரிசை வராது, தேர்வுகளை நீங்கள் அடுக்கிய வரிசை வரும். சித்திரை முதல் பங்குனி வரை ஒரு தடவை அடுக்கினால் போதும்.

கிலோவை ‘42 கிலோ’ என்று எழுதியிருப்பீர்கள். நம்பர் ப்ராப்பர்ட்டியில் வெறும் 42 மட்டும் இருந்தால்தான் கூட்டும்.

பதில் (அஸ்தம்பட்டி)
பிளாக்குகளின் பெயருக்குத் தனி டேபிள் போட்டு ரிலேஷன் (இரண்டு டேபிளை இணைப்பது), ரோலப் (இணைத்த வரிகளின் கணக்கை எடுத்துக் காட்டுவது) கொடுத்தால் இன்னும் சுத்தமாக இருக்குமே?

பதில் (செவ்வாய்ப்பேட்டை)
பிளாக்கின் பரப்பு, ரகம், நட்ட வருடம் எல்லாம் வைக்கப் போகிறார் என்றால் சரி. மூன்று பெயருக்காக மட்டும் என்றால் வேண்டாம். குரூப் செய்த டேபிளில் ஒவ்வொரு குழுவின் அடியிலும் கூட்டுத்தொகை வந்துவிடும்.

பதில் (நாகலூர்)
நானும் காப்பிக்காரிதான். மாதத்தை அடுக்கினாலும் உங்கள் ஆசை நிறைவேறாது தம்பி. பங்குனி மழைக்குப் பூக்கிற பழத்தைக் கார்த்திகை, மார்கழியில்தான் பறிக்கிறோம். நடுவில் சித்திரை வந்து தமிழ் வருடம் மாறிவிடும். மழை ஒரு வருடத்தில், மகசூல் அடுத்த வருடத்தில் என்று பிரிந்து நிற்கும். தை மாதப் பறிப்பு ஆங்கில வருடத்தையும் தாண்டிவிடும்.

அதனால் ‘பருவம்’ என்று இன்னொரு செலக்ட் சேருங்கள். 2023 பங்குனி மழையும் 2024 தை வரையிலான பறிப்பும் ‘2023-24’ என்ற ஒரே பெயருக்குக் கீழ் வரட்டும். அதை வைத்து குரூப் செய்யுங்கள். கூடவே டேட் ஒன்றும் வேண்டும். பங்குனி 12 என்றால் மார்ச் 25 அல்லது 26, பழைய பஞ்சாங்கம் பார்த்துப் போடுங்கள். அப்பா எழுதிய தமிழ்த் தேதியை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்
ராத்திரி உட்கார்ந்து செய்தேன் அக்கா. ‘கோயில் பிளாக்’ ஒன்றாகிவிட்டது. பருவம் வாரியாக குரூப் செய்து, பூ மழையையும் பறிப்பையும் மட்டும் காட்டும் வியூ ஒன்று வைத்தேன். பூ மழை வரிக்குக் கீழேயே அந்த வருடப் பழக் கணக்கு நிற்கிறது. அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒரு பருவத்தில் மழைக் குறிப்பே இல்லை, அது வேறு நோட்டில் இருக்கிறது என்றார். தேடிக்கொண்டிருக்கிறோம்.

பழைய மூன்று டேபிளையும் அழித்துவிடலாமா?

பதில் (செவ்வாய்ப்பேட்டை)
பதிவு எண்ணிக்கை மூன்றிலும் சேர்த்துப் புதியதோடு ஒத்து வரட்டும், அப்புறம் அழியுங்கள். அழித்தாலும் டிராஷில் 30 நாள் இருக்கும்.