‘பொன்னகரம்’ கதைக்கு அந்தக் கடைசி வரி தேவையா?

செம்பனை_செல்வன் (சுங்கை சிப்புட், மலேசியா):
நேத்து நம்ம ஊரு வாசகர் கூட்டத்துல புதுமைப்பித்தனோட பொன்னகரம் படிச்சோம், 1934ல மணிக்கொடி பத்திரிகையில வந்த கதை, பேசி முடிக்கறதுக்குள்ள நேரமாயிடுச்சு. படிக்காதவங்களுக்குச் சுருக்கமா: அம்மாளு மில்லுல வேலை செய்றவ. புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டறவன், குடிச்சிட்டு ரேஸ் விட்டு அடிபட்டுக் கெடக்கான், பால் கஞ்சி கேக்கறான், கையில காசு இல்ல. ராத்திரி தண்ணிக்குப் போனவ, அவ மேல ரொம்ப நாளா கண்ணு வெச்சிருந்தவனோட சந்து இருட்டுல மறையறா, முக்கால் ரூபா வருது. கதை அங்கயே முடிஞ்சிருச்சு. அப்புறம் எதுக்கு “என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!”னு ஆசிரியரே வந்து பேசணும்? தலைப்பே அங்கதம்தானே, அத மறுபடி வெளக்கினா அடி லேசாயிடுது.

கமலா_டீச்சர்:
தம்பி, மொத வரியப் பாருங்க. பொன்னகரத்தப் பத்திக் கேட்டிருக்கீங்களான்னு நம்மளக் கேட்டுத்தான் கதையே தொடங்குது, புராணத்துல சொல்ற மாதிரி அங்க ஒண்ணுமில்லன்னு உடனே சொல்லிடறாரு. அதனால வாசகன் ஆரம்பத்துலருந்தே கதைக்குள்ள நிக்கிறான், கடைசியில அந்த “ஐயா” அவனுக்குத்தான். திடீர்னு வந்து ஒட்டிக்கிட்ட பிரசங்கம் இல்ல இது.

பழைய_தோட்டத்தான்:
நான் செல்வன் பக்கம். எங்க ரப்பர் தோட்டத்துல, தொழிலாளிங்க வரிசை வீடான லயத்துக் கோடியில ஒரே பைப்பு, காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு முன்னாடி இருட்டுலயே பொம்பளைங்க வாளிய வரிசையா வெச்சிட்டு நிப்பாங்க, முந்தின நாள் ரப்பர் பால் வெட்டின கறை கையில அப்படியே இருக்கும், யாரு யாரப் பாக்கறான்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அந்தக் குடத்தையும் சந்தையும் படிச்சாலே எனக்கு எல்லாம் வந்துடுது. சந்துல நடந்தத ஒத்த வரியில தாண்டிப் போறாரு பாருங்க, அந்த விடுபடல்தான் கதையோட பெரிய உத்தி. அவ்ளோ அடக்கமா எழுதினவரு ஏன் கடைசியில சத்தம் போடறாரு?

கமலா_டீச்சர்:
அண்ணே, உங்களுக்கு வந்துடும், லயத்துல வாழ்ந்தவங்க நீங்க. அவரு எழுதினது அந்தச் சந்துப் பக்கமே போகாம கற்பு பேசறவங்களுக்கு. முக்கால் ரூபாய்க்கு அடுத்த வரியப் பாருங்க: “ஆம், புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்!” யாரு கேட்டதுக்கு இந்த “ஆம்”? படிக்கறவன் மனசுக்குள்ள கேட்டதுக்கு. புருஷனப் பசியாத்தறது பத்தினி தர்மம்னு சொல்றதும் அவன்தான், அவ போன வழிய ஏசறதும் அவன்தான். இந்த முரணோட அவனத் தப்பிக்க விடக்கூடாதுன்னுதான் அந்த வரி.

செம்பனை_செல்வன்:
டீச்சர், “ஆம்” பத்தி நீங்க சொன்னது பலமான பாயிண்ட்டு, ஒத்துக்கறேன். ஆனா அதுவே என் கட்சிக்குத்தான் சாதகம். பால் கஞ்சியிலயே அவன் மாட்டிக்கிட்டான், இனி தப்பிக்க எடமே இல்ல. அப்புறம் கற்புன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா, வாதம் பண்ண அவனுக்கு ஒரு வாசல் தொறந்து விட்ட மாதிரி ஆயிடுது. நானா இருந்தா கஞ்சியோட நிறுத்தியிருப்பேன்.

கமலா_டீச்சர்:
வாதம் பண்ணட்டுமே தம்பி. 1934லருந்து இன்னிக்கு வரைக்கும் பண்ணிக்கிட்டுத்தானே இருக்கோம், அந்த வரியாலதான்.