பங்கில் பார்வையற்றோர் ஏழு பேர்: முழு பிரெயில் விவிலியம் வாங்கலாமா?

பங்குப்பேரவை_கிருஷ்ணகிரி:

இயேசுவுக்கே புகழ்! கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள எங்கள் கத்தோலிக்க ஆலயப் பங்கில் பார்வையற்றவர்கள் ஏழு பேர். இரண்டு பேர் பள்ளியிலேயே பிரெயில் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) படித்தவர்கள். அதில் ஒருவர் கல்லூரி மாணவி. மூன்று பேருக்கு அறுபது வயதுக்கு மேல் பார்வை போனது, பிரெயில் தெரியாது. மற்ற இருவருக்கு மங்கலாகத் தெரியும். திருவிழாக் கணக்கில் மீந்த 30,000 ரூபாயை இவர்களுக்குச் செலவிடுவது என்று பேரவையில் முடிவாகியிருக்கிறது. முழுத் திருவிவிலியத்தையும் பிரெயிலில் வாங்கி ஆலயத்தில் வைக்கலாம் என்கிறார்கள் சிலர். ஆளுக்கொரு அரிசி மூட்டையும் வேட்டி சேலையும் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எது உண்மையில் பயன்படும்? மாணவிக்கு ஞாயிறு பூசையில் விவிலிய வாசகம் வாசிக்க ஆசை. அதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

சிறப்பாசிரியர்_தருமபுரி:

முழு விவிலியம் இப்போதைக்கு வேண்டாம். பிரெயிலில் அது நாற்பது தொகுதி அளவுக்குப் போகும். தனி பீரோ வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் உங்களிடம் இரண்டே பேர். ஆலயத்தில் பூட்டி வைத்த புத்தகத்தை அவர்கள் எப்போது எடுத்துப் படிப்பார்கள்? வாங்கியே ஆக வேண்டும் என்றால் திருப்பாடல்கள், ஒரு நற்செய்தி என்று தொகுதியாக வாங்கி வீட்டுக்கே கொடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருக்கும் புத்தகத்தின் புள்ளிகள் நசுங்கி விரலுக்குத் தட்டாது. நிற்க வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

உங்களுக்கு முதலில் வேண்டியது ஞாயிறு வாசகத் தாள்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருவது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை அடித்த தாளை ஆண்டும் ஞாயிறும் குறித்து உறையிலிட்டு வைத்தால் மூன்று ஆண்டு கழித்து அதே தாள் உதவும். நற்செய்தியை குருவானவர் வாசிப்பதால் மாணவிக்கு முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், மன்றாட்டு ஆகியவை போதும். ஒரு வாசகம் சுமாராக 2 அல்லது 3 பக்கம் வரும். பெர்க்கின்ஸ் பிரெயிலர் என்ற பிரெயில் தட்டச்சுக் கருவியில் ஒரு பக்கத்துக்கு 25 வரி, வரிக்கு 42 கட்டம் என்று கணக்கு. ஒரு கட்டம் என்பது 1 முதல் 6 வரை எண்ணிட்ட ஆறு புள்ளிகளுக்கான இடம். பிரெயிலர் விலை அதிகம். சிலேட்டும் (துளை வரிசையுள்ள சட்டம்) புள்ளி குத்தும் எழுத்தாணியும் சில நூறு ரூபாயில் முடியும். தாள் கனமாக, 140 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கட்டும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் புள்ளி கிழிந்துவிடும், அல்லது இரண்டாம் முறை தடவும்போதே அமுங்கிவிடும்.

பார்வையுள்ள இளைஞர்கள் எழுத முன்வந்தால் மூன்று தவறுகள் வரும். ஒன்று, சிலேட்டில் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பித்தான் படிப்பது. இதை மறந்தால் எல்லா எழுத்தும் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். இரண்டு, அச்சில் மேலே வைக்கும் புள்ளி பிரெயிலில் மெய்க்கு முன்னால் வரும். 'அம்மா' என்பது அ, 4ஆம் புள்ளி, ம, ம, ஆ என ஐந்து கட்டம். மூன்று, கொம்பும் காலும் பிரெயிலில் கிடையாது. 'கொ' என்பது க, அடுத்து ஒ, அவ்வளவுதான். எழுதி முடித்ததை அந்த மாணவியே விரலால் சரிபார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள்.

வாசக மேடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சாய்வுப் பலகையில் பிரெயில் தாள் நழுவும். இரண்டு கையும் படிப்பதில் இருப்பதால் பிடிக்க முடியாது. இடுப்பளவு உயரத்தில் சமதளமான சிறு மேசை போடுங்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, வலது மேல் மூலையைச் சிறிதாக வெட்டிவிட்டால் தலைகீழாகிவிடாது. அவர் தலை குனியமாட்டார் என்பதால் மைக்கை வாய்க்கு நேராக உயர்த்துங்கள். தாளுக்கு அருகில் வைத்தால் விரல் உரசும் சத்தம் கோவில் முழுக்கக் கேட்கும்.

வாசகம் முந்தைய ஞாயிறே அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சனி மாலை இருக்கையிலிருந்து மேசை வரை இரண்டு தடவை நடந்து பழகட்டும். அதன்பின் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருக்காது.

பாட்டுப் புத்தகத்தைப் பிரெயிலாக்க அனுமதி வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். லாப நோக்கம் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நகல் எடுக்க 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேறு ஊருக்கு அனுப்பினால், பார்வையற்றோருக்கான இலக்கியம் என்று மேலே எழுதி, பிரித்துப் பார்க்கும்படி கட்டி தபால் நிலையத்தில் கொடுங்கள். 7 கிலோ வரை தபால் செலவு இல்லை.

வின்சென்ட்சபை_ஓசூர்:

அரிசி தேவைப்படும் வீட்டுக்குக் கொடுங்கள், எங்கள் சபையின் வேலையே அது. ஆனால் பார்வை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஏழு பேரையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி மூட்டை கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். அதில் வசதியான வீட்டுக்காரரும் இருக்கலாம்.

பூசைக்கு வந்தவரைக் கூட்டிப்போவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், அல்லது கைத்தடியின் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தெரிந்துவிடும். பெஞ்சுகளுக்கு நடுவே இடம் குறுகினால் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள், அவர் பின்னால் வந்துவிடுவார். படி வந்தால் நின்று, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். உட்கார வைக்க அமுக்க வேண்டாம். பெஞ்சின் சாய்மானத்தில் அவர் கையை வைத்தால் போதும். விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருப்பார்.

கைத்தடியை 'பத்திரமா இருக்கட்டும்' என்று வாங்கிப் பின்னால் வைக்காதீர்கள். மடித்து அவர் காலடியில் இருக்கட்டும். வாசலில் செருப்பு விடும் இடமும் சிக்கல்தான்: நூறு ஜோடிக்குள் தேடவே முடியாது. சுவர் ஓரம் ஒரு தட்டு நிரந்தரமாக ஒதுக்குங்கள்.

சமாதானம் பகிரும்போது நாம் கைகூப்புகிறோம். அவருக்கு அது தெரியாது. பெயர் சொல்லி, வாய்விட்டுச் சொல்லுங்கள். நற்கருணை அப்பம் கொடுப்பவர் எதிரே வந்ததும் 'கிறிஸ்துவின் திருவுடல்' என்று தெளிவாகச் சொல்லி, உள்ளங்கையில் மெல்லத் தொடும்படி வைக்கட்டும். அவர் கேட்காமல் இருக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம், வரிசையில் வருவதையே பலர் விரும்புவார்கள்.

திருவிழா நாளில் தனிக் கவனம் தேவை. பந்தல் கயிறும் தோரணமும் கழுத்து உயரத்தில் இருந்தால் கைத்தடிக்குத் தட்டாது, நேராக முகத்தில்தான் படும். நடைபாதையில் கயிறு ஆறரை அடிக்கு மேலே போகட்டும். பட்டாசும் மேளமும் ஒன்றாக முழங்கும்போது காதால் திசை அறிய முடியாது. தேர்பவனியில் ஒவ்வொருவரோடும் ஒரு ஆளை முன்கூட்டியே அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) பேசி வையுங்கள். மங்கலாகத் தெரியும் அந்த இருவருக்காக, படி விளிம்புகளில் இரண்டு அங்குல மஞ்சள் பட்டை அடியுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் பெரியது. கண் மங்கிய பெரியவர்கள் எல்லாருக்குமே அது உதவும்.

பங்குப்பேரவை_கிருஷ்ணகிரி:

இவ்வளவு விவரமாக எழுதிய இருவருக்கும் நன்றி. எங்கள் பாடல்கள் பழைய பி.டி.எஃப். ஆக இருக்கின்றன, மாணவியின் போன் அதை வாசிக்கும்போது புரியாத எழுத்தாக வருகிறதாம். இன்னொன்று: பிரெயில் தெரிந்த மற்றவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், பெங்களூரில் கன்னடத்தில் படித்தவர். தமிழ்ப் பேச்சு சரளம், ஆனால் தமிழ் பிரெயில் தெரியாது.

ஒலிநூல்_பாலக்கோடு:

அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கும். அதில் திரையில்தான் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றி எடுங்கள். ஸ்கேன் செய்த கோப்பு என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்து பிரிந்து வரும்; ன-ண, ர-ற, ள-ழ குழப்பங்களை ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். யூனிகோட் ஆனபின் லிப்லூயிஸ் என்ற இலவச மென்பொருள் தமிழ் பிரெயிலாக மாற்றித் தரும்.

வாட்ஸ்அப் குழுவில் வாசகத்தைப் படமாகப் போடாதீர்கள். எழுத்தாக, வாசகத்துக்கு ஒரு செய்தி என்று போடுங்கள். முன்னும் பின்னும் கைகூப்பும் பொம்மையைப் பத்துத் தடவை போட்டால் டாக்பேக் பத்துத் தடவையும் அதன் பெயரைச் சொல்லும்.

பெரியவர்கள் மூன்று பேருக்கும் பிரெயில் கற்றுக்கொடுக்க அவசரப்பட வேண்டாம். சர்க்கரை நோயால் விரல் மரத்திருந்தால் புள்ளி தட்டவே தட்டாது. மெமரி கார்டு போடும் சின்ன ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்கள். பங்கு இளைஞர்கள் வாசித்துப் பதிவு செய்யட்டும்: செபமாலை, சிலுவைப் பாதையின் 14 நிலைகள், அந்த மாத ஞாயிறு வாசகங்கள். கோப்புப் பெயர் 01, 02 என்று எண்ணில் தொடங்கட்டும்; 1, 2 என்று வைத்தால் சில ஸ்பீக்கரில் 1க்கு அடுத்து 10 ஓடும். ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் என்ன பகுதி என்று சொல்லட்டும்.

கண்முகாம்_தருமபுரி:

அந்த மூன்று பெரியவர்களைக் கண் மருத்துவர் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். வயதில் பார்வை போனால் பெரும்பாலும் கண்புரை. அறுவைச் சிகிச்சையில் திரும்பக் கிடைக்கும். கண் நீர் அழுத்தத்தால் போனது திரும்பாது, ஆனால் மிச்சம் இருப்பதைக் காக்கலாம். அறுவைக்குப் பின் நான்கிலிருந்து ஆறு வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். தனியாக இருப்பவருக்கு இதுதான் தவறிப்போகிறது. அன்பியத்தில் முறை போட்டுக்கொள்ளலாம். இலைச்சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

அடையாள அட்டை இல்லாதவர்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். கல்லூரி மாணவிக்குத் தேர்வில் எழுத ஆள் தேவைப்படும். 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதலில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும், சொந்தமாக அழைத்து வருபவரின் படிப்பு மாணவியைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தன; இப்போதைய விதியைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பங்கின் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் நான்கு பேர் பெயரை முன்பே எழுதி வையுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் ஆள் தேடுவதுதான் பெரிய அவதி.

சிறப்பாசிரியர்_தருமபுரி:

கன்னடம் படித்தவரைப் பற்றி: கவலையே வேண்டாம். 1951இல் வந்த பாரதி பிரெயிலில் எல்லா இந்திய மொழிக்கும் ஒரே ஒலிக்கு ஒரே கட்டம். க கன்னடத்திலும் தமிழிலும் 1, 3 புள்ளிகள்தான். மெய்க்கு முன்னால் 4ஆம் புள்ளி வைப்பதும் அப்படியே. அவர் புதிதாகப் பழக வேண்டியது ழ (1, 2, 3, 5, 6), ற (1, 2, 4, 5, 6), ன (5, 6) மட்டும். 'மகன்' என்பதில் வரும் க-வை அவர் முதலில் அழுத்திப் படிப்பார். தமிழில் ஒரே க தான் என்று சொல்லிவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். முதல் தாளாக 'அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே' என்று அடித்துக் கொடுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த செபம். அந்த ஒரே வரியில் ற, ழ, ன மூன்றும் வந்துவிடுகின்றன.