ஸ்லாவுத்தா சோஹரில் உள்ள முத்திரை யாருடையது? உதவி வேண்டும்

ஹசீதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தின் குருவான ருஷின் ரபி இஸ்ரயேலின் (1796–1850) சொந்தப் பிரதி என்ற பேச்சோடு ஒரு சோஹர் (யூத மறைஞான நூல்) தொகுதி ஆய்வுக்கு வந்திருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் எபிரேய எழுத்துகள் தாவ், கோஃப், பே, தாலெத்: 400+100+80+4=584; எபிரேய ஆண்டில் ஆயிரங்களை விட்டு எழுதுவார்கள், அதனால் 1240 கூட்டினால் நம் கணக்கில் 1824. ஊர் ஸ்லாவுத்தா, எபிரேய அச்சுக்குப் பேர்போன இடம். வேறு ஊர் அச்சகங்கள் "ஸ்லாவுத்தா எழுத்தில்" என்று போட்டு, ஊர்ப்பெயரை மட்டும் பெரிதாக அடித்ததும் உண்டு. இதில் லென்ஸ் வைத்துப் பார்த்தும் அப்படிப் பொடியெழுத்து இல்லை.

சிக்கல் முத்திரையில். நீள்வட்டம், ஊதா மை, மேலே எபிரேயம், கீழே மங்கிய ரஷ்ய எழுத்து. அனிலின் ஊதா என்ற செயற்கைச் சாயமே 1856-ல்தான் வந்தது. இது அந்த மை என்றால் ரபி குத்தியதாக இருக்க முடியாது. மகன்களுடையதா? மகன்கள் இருந்த சாதிகுராவும் சோர்த்கிவும் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த ஊர்கள், ரஷ்ய எழுத்து உதைக்கிறது. ஒரு புழுத்துளையின் உள்விளிம்பிலும் மை இறங்கியிருக்கிறது. துளை விழுந்த பிறகு குத்தியது.

ரஷ்யப் பேரரசில் இருந்த ஹசீதிய குரு குடும்பங்களின் முத்திரைப் படங்கள் வைத்திருப்பவர்கள், அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்ததாக இருந்தால், தயவுசெய்து பகிருங்கள். மங்கிய வரியைத் தொடாமல் படிக்க எந்த ஒளி, எந்த ஃபில்டர் கைகொடுக்கும்? ஈரப்பஞ்சு, ஆல்கஹால் யோசனை மட்டும் வேண்டாம். இந்த மை உடனே பரவிவிடும்.