ஹெல்சிங்கி – டோக்கியோ: 7,800 கிலோமீட்டருக்கு 13 மணி நேரமா?

கேள்வி (வேணி):
வரும் ஜனவரியில் என் மாமியாரை ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு அழைத்துச் செல்ல இருக்கிறேன். தொலைவைக் கணக்கிட்டுத் தரும் இணையதளங்கள் சுமார் 7,800 கி.மீ. என்றும், ஒன்பது மணி நேரத்தில் போய்விடலாம் என்றும் காட்டுகின்றன. பயணச்சீட்டிலோ, இடையில் நிற்காத விமானத்துக்கே ஏறத்தாழ 13 மணி நேரம் என்றிருக்கிறது. நெடுநேரம் உட்கார்ந்தால் அவருக்குக் கால் வீங்கிவிடும். எதை நம்பித் திட்டமிடுவது?

மறுமொழி (வடதிசை):
பயணச்சீட்டையே நம்புங்கள், அம்மா. அந்த இணையதளங்கள் பூமி உருண்டையின் மேல் இரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய பாதையை அளந்து, அதை மணிக்கு 900 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுத்துவிடுகின்றன. அந்தப் பாதையின் பெரும்பகுதி சைபீரியாவின் மேல் செல்வது. 2022 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் தத்தம் வான்வெளியை மற்றவரின் விமானங்களுக்கு மூடிவிட்டன. அதுவரை ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ சென்ற ஃபின்ஏர் விமானங்கள், அன்று முதல் ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. ஒரு வழி நார்வே, வட துருவம், அலாஸ்கா என மேலே ஏறி பசிபிக் வழியாக இறங்குவது; மற்றொன்று தெற்கே கருங்கடல் பக்கம் வந்து, ஜார்ஜியா, அஜர்பைஜான், கசகஸ்தான், சீனா, கொரியா ஆகியவற்றின் மேல் செல்வது. எந்த வழி என்பதை அன்றைய காற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

மறுமொழி (பழைய பயணி):
துருவ வழி இன்று புதிதாக வந்ததன்று. சோவியத் வான்வெளியைத் தவிர்ப்பதற்காக 1983இலேயே ஃபின்ஏர் டிசி-10 விமானத்தை வட துருவத்தின் மேலாக டோக்கியோவுக்கு நிற்காமல் இயக்கியது. அக்காலத்தில் பிற ஐரோப்பிய நிறுவனங்கள் பலவும் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் ஜப்பான் சென்றன. அந்தக் குளிரில் விமானிகள் எரிபொருளின் வெப்பநிலையையும் கண்காணிக்க வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அதை நெருங்கினால் சற்றுத் தாழப் பறந்தோ வேகத்தைக் கூட்டியோ சமாளிப்பார்கள்.

மறுமொழி (வடதிசை):
கடிகாரக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். ஜனவரியில் டோக்கியோ ஹெல்சிங்கியை விட 7 மணி நேரம் முன்னால் இருக்கும். மாலை 5:30க்குப் புறப்பட்டு 13 மணி நேரம் பறந்தால், அங்கே மறுநாள் பிற்பகல் 1:30. திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறினால் ஹெல்சிங்கியில் விடிகாலை 4 மணிக்கே இறங்குவீர்கள். கடிகாரம் 6 மணி நேரம் என்று காட்டினாலும் அவர் உட்கார்ந்திருப்பது அதே 13 மணி நேரம்தான். ஆகவே இரு பயணத்துக்கும் நடைபாதையை ஒட்டிய இருக்கையை முன்பதிவு செய்து, அவ்வப்போது எழுந்து நடக்கச் செய்யுங்கள். கால் வீக்கத்துக்கான அழுத்தக் காலுறை அவருக்கு ஏற்றதா என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.