அம்மாவின் குதிகாலில் மெலனோமா: மரபணுச் சோதனை தேவையா?

வணக்கம். இங்கே தோல் டாக்டர்கள், புற்றுநோய்த் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. இடது குதிகாலில் ஒரு கரும்புள்ளி, மருதாணி கலைந்தது போல ஓரம் கலங்கி இருக்கும். முள் குத்தின தழும்பு என்று இரண்டு வருடம் விட்டுவிட்டோம். பயாப்ஸியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது. நல்லவேளை, மேல்தோலைத் தாண்டவில்லை. சுற்றிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்தாகிவிட்டது, ஓரங்களும் சுத்தம்.

இப்போது ஒரு லேபில், கட்டியில் பிராஃப் (BRAF) என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று சோதனை செய்யச் சொல்கிறார்கள். நான் படித்தவரை, சாதாரண மச்சங்கள் பலவற்றிலேயே பிராஃபில் வி600ஈ (V600E) என்ற மாற்றம் இருக்கிறது. அது மட்டும் இருந்தால் மச்சம் புற்றாகிவிடாது. டெர்ட் (TERT), சிடிகேஎன்2ஏ (CDKN2A) போன்ற வேறு மரபணுக்களும் கெட வேண்டும். உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃப் மாற்றம் குறைவு, கிட் (KIT) என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் மற்ற வகைகளைவிடக் கூடுதல். வெயிலுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லையாம். பிராஃபைத் தடுக்கும் மருந்துகளோ நோய் பரவினவர்களுக்குத்தானே? அப்படியானால் இந்தக் கட்டத்தில் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?

அப்புறம் தங்கைக்கு ஒரே பயம், தனக்கும் வருமோ என்று. கட்டியில் மட்டும் உண்டான மாற்றம் பிள்ளைகளுக்கு வராது என்று சொல்லிப் பார்த்தேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. பரம்பரையாக வரும் மாற்றம் இருக்கிறதா என்று எங்களுக்கு ரத்தத்தில் சோதனை அவசியமா?

பப்பாளி இலைச் சாறு யோசனைகள் மட்டும் வேண்டாம். பெரியப்பா ஏற்கெனவே ஒரு பாட்டில் கொண்டுவந்துவிட்டார்.